பொம்மைகளுக்குக் கட்டிய கழிப்பறை

போன வாரம் கழுகுமலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். உப்பும் எண்ணெயுமாக அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வியர்த்துவிட்டது. பல்லில்லாத கிழவன் ஏங்குகிறான் என்று நினைத்திருப்பாள். விஷயம் வேறு.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் நாற்பது பெண்கள் குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீஸைத் தனி ஆளாக உண்டாக்கினேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் விரியும். இரண்டாயிரத்தையொட்டி கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் வாங்கி மேசைமேல் வைத்த முதல் ஐந்தாறு முதலாளிகளில் நானும் ஒருவன். எதற்கு வாங்கினேன் என்று கேட்காதீர்கள். பக்கத்து ஆபீஸ்காரர் வாங்கியிருந்தார்.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவர் அதில் ஒரு விளையாட்டையும் போட்டுவிட்டுப் போனார். வெறும் புல்தரையில் ராட்டினம், ரயில், தின்பண்டக் கடை எல்லாம் நாமே வைத்து, வருகிற பொம்மை மனிதர்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும். இங்கிலீஷ் தெரியாததால் படத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். ரயிலை வேகமாக விட்டால் பொம்மைகள் முகம் பச்சையாகி வாந்தி எடுக்கும். துடைப்பக்காரப் பொம்மை ஒன்று அலுத்துக்கொண்டே வரும். சிப்ஸில் உப்பைக் கூட்டினால் பக்கத்துக் கடையில் கலர் சோடா பிய்த்துக்கொண்டு போகும். இதை யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

ஒரு மத்தியானம் உப்பைக் கூட்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் வந்து நின்றாள். பசுவந்தனைக்காரி, ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள். மற்ற பெண்கள் என் சொல்லைவிட அவள் சொல்லைத்தான் கேட்பார்கள்.

"அண்ணாச்சி, திங்கக்கெழமையிலேர்ந்து நாங்க பதினோரு பேரு வரல. புதியம்புத்தூருக்குத் தையலுக்குப் போறோம். வேன் வருது."

"கூலி கூட்டித் தாரேன்."

"கூலிக்கில்ல."

"பெறவு என்னத்துக்கு?" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளும் திரையைப் பார்த்தாள்.

"அந்தப் பொம்மை ஏன் காலை இடுக்கிக்கிட்டுக் குதிக்குது?"

"தண்ணி நெறைய குடிச்சிருக்கு. பாரு, ஒரு நிமிசத்துல கக்கூஸ் கட்டிருதேன்."

ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினேன். பொம்மைகள் ஓடி நுழைந்து சிரித்தபடி வெளியே வந்தன. எப்படி என் நிர்வாகம் என்று கேட்டேன்.

"நல்லாருக்கு. எங்களுக்கு இருந்த வேலிக்கருவையக் கரி போட வித்துட்டு, பொம்மைக்குக் கக்கூஸ் கட்டுதிய."

"கருவைக்கும் உங்களுக்கும் என்னட்டி?"

"அதுக்குள்ளதான ஒதுங்குனோம். வெட்டுன பெறவு மறைவு ஏது? காலைல வீட்டுல போனா, பொழுதடைஞ்சு வீட்டுலதான். அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்கிறதில்ல. எனக்கு அடிவயிறு ஒன்றரை வருசமா எரியுது. அங்கன கக்கூஸ் இருக்காம். அது போதும்."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். ஆபீஸுக்குப் பின்னாலிருந்த கருவை முள்காட்டைக் கரி மூட்டத்துக்கு நல்ல விலைக்குத் தள்ளிவிட்ட அன்று எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு பெண்கள் இடத்தைவிட்டு எழுவது குறைந்ததை, என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்று நினைத்தேன். டீக்கடையில் உட்கார்ந்து, "நம்ம ஆபீஸ்ல பொம்பளைய தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டாவ" என்று மற்ற முதலாளிகளிடம் அளந்திருக்கிறேன். அவர்கள் பொறாமைப்பட்டதைப் பார்த்து அன்று இரண்டு வடை கூடுதலாகத் தின்றேன்.

"ஏட்டி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"இத எப்படி அண்ணாச்சி ஆம்பளகிட்ட சொல்ல? இன்னைக்குப் பொம்மை இருந்துச்சு, சொல்லிட்டேன்."

பதினைந்து நாளில் கழிப்பறை எழுந்தது, இரண்டு அறை. திறந்த அன்று மத்தியானத்துக்குள் மூன்று குடம் தண்ணீர் தீர்ந்தது. அதுவரை ஒரு குடமே மறுநாளைக்கும் மிச்சம் கிடக்குமாம். காலிக் குடங்களைப் பார்த்த கையோடு செல்லத்தாய்க்கு ஆள் அனுப்பினேன். கேட்கப் போன பெண் திரும்பி வந்து, "எரிச்சல் நின்னுட்டாம் அண்ணாச்சி. வரமாட்டாளாம்" என்றாள்.

பிறகு மெஷின் வந்தது, கைவேலை போனது. ஆபீஸ் இருந்த இடம் இன்று டயர்க்கடை. கருவைக்காடு முழுக்க வீடுகள். நான் கட்டி எழுப்பியவை ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. இடிக்கும்போது நான் நேரில் போய் நின்றது அந்த இரண்டு அறைகளுக்கு மட்டும்தான்.