நாற்காலி மேல் கை

இதில் ஒரு வரிகூட நான் சேர்த்தது இல்லை. நேரங்கள்கூட அன்று என் லேப் நோட்டில் குறித்தவைதான்.

2006 ஜனவரி. ஓசூர் ரோட்டில் அடுகோடியில் எங்கள் சமுதாயக் கல்லூரி தொடங்கிப் பத்து வருடம். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு ஒரே வருடத்தில் தொழில் சொல்லித்தரும் இடம். நான் அங்கே லேப் உதவியாளர், தற்காலிகம். பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. லேப் மேடம் வேலை காலியானபோது எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். இன்டர்வியூவில் வாய் திறக்கவில்லை. வேலை சிந்தியாவுக்குப் போனது. அவள் இரண்டாம் வகுப்பு. ஆனால் நன்றாகப் பேசுவாள். ஆண்டு மலரில் கல்லூரியின் வரலாறு எழுதும் பொறுப்பும் அவளுக்கே.

வயிறு எரிந்தது.

குரூப் போட்டோ அன்று சிந்தியா முன்வரிசையில், லேப் மேடத்தின் மர நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் நாற்காலி. நான் அவள் பின்னால் நின்றேன். இரண்டு கையாலும் ரெஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

போட்டோகிராபர் கிருஷ்ணப்பா கன்னடம் கலந்த தமிழில் கத்தினார். “ஏ, பின்னாடி நிக்கிற புள்ளே! சேர் மேலேருந்து கை எடும்மா. ஸ்வல்ப கீழே!”

சிந்தியா திரும்பினாள். “என்னடி, இப்பவே என் சேர் மேல கையா?”

எல்லோரும் சிரித்தார்கள். என் கை அங்கே இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை. பழைய குரூப் போட்டோக்களில் வருடம் எழுதும் வேலையை சிந்தியா என்னிடம் தள்ளினாள். “நீ எழுதி வை. எனக்கு பொம்மனஹள்ளி பஸ் போயிடும்.”

லேபை ஒட்டிய ஸ்டோர் ரூம். மாலை 6.20. இந்த வருடத்துப் போட்டோவையும் சேர்த்து, பத்துப் போட்டோக்களையும் வரிசையாகப் பரப்பினேன். 1997, தகரக் கொட்டகை, பதினான்கு பேர். 2000, ஒரு மாடி. 2003, இரண்டு மாடி, கம்ப்யூட்டர் அறை, நூறு பேருக்கு மேல்.

எல்லாவற்றிலும் நடுவில் அதே நாற்காலி. பத்துப் போட்டோ, பத்து மேடம்கள். ஒருத்திகூட இரண்டாவது வருடம் உட்காரவில்லை.

ஒவ்வொரு படத்திலும் நாற்காலியின் முதுகில்... ஒரு கை.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின்னால் நிற்பவர்களின் கைகளை எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. இது கூடுதல்.

ஆள்காட்டி விரல் நுனியில் கறுப்பு. லேபில் சில்வர் நைட்ரேட் பட்டால் வரும் கறை. தோலில் இரண்டு வாரம் இருக்கும்.

பத்து வருடம் இருக்காது.

6.41. கரண்ட் போனது.

லேபில் சத்தம். கிர்ர்ர்... மரக்கால் தரையில் இழுபடும் சத்தம்.

மெழுகுவர்த்தியோடு எட்டிப் பார்த்தேன். நாற்காலி மேஜையைவிட்டு வெளியே வந்திருந்தது. என் பக்கம் திரும்பியிருந்தது. உட்கார் என்பதுபோல.

மறுபடியும்... கிர்ர்ர்...

ஓடினேன். 6.44.

மறுநாள் சிந்தியாவிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவள் அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஏய், கேன்டீன்ல எனக்கு ஒரு டீ சொல்லு” என்றாள்.

டீ சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் அவள் மாடிப்படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. “யாரோ தோள்ல கை வெச்சாங்க” என்றாளாம். திரும்பி வரவே இல்லை.

வேலை எனக்கு வந்தது. பயமாக இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு ஆசை.

ஜூனில் ஒருநாள் ஆயா ஜெயலக்ஷ்மி நாற்காலியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “பாஞ்சாலின்னு முதல் பேட்ச் பொண்ணும்மா. விரல் எப்பவும் கறுப்பா இருக்கும். அவதான் ஃபர்ஸ்ட். இந்த வேலை உனக்குத்தான்னு சொல்லிட்டு வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே ஓசூர் ரோட்ல, லாரி...”

“எப்போ?”

“மொத போட்டோ எடுக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி.”

2007 ஜனவரி. பதினோராவது போட்டோ. என் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னேன். பின்னால் ஒருவர் நிற்க இடமில்லை. உட்கார்ந்தேன்.

காலை 10.05.

கிருஷ்ணப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏ, பின்னாடி நிக்கிற புள்ளே... கை எடும்மா.”