வெறுங்கால்காரன் பெயரில் ஒரு கோப்பை

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. சூளகிரியைத் தாண்டி, ரோட்டோர மைதானம். நான் முதலில் பார்த்தது, நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த ஒரு போட்டோவை. கழுத்துக்குக் கீழே முழுக்கச் சாமந்தி மாலை. முகம் மட்டும் தெரிந்தது — முனிராஜ்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முனிராஜ் இந்த ஊரில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பையன். சேலத்தில் காலேஜ் படித்தான். காலேஜ் ஃபுட்பால் டீமில் லெஃப்ட் பேக். பூட்ஸ் போட்டதே இல்லை. கிழிந்த வேட்டித் துணியைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஆடுவான். பூட்ஸ் போட்டவர்கள் அவன் பக்கம் பந்தைக் கொண்டுபோகத் தயங்குவார்கள். கடைசிப் பரீட்சைக்கு முன்னால் டைபாய்டில் போய்விட்டான்.

உயிரோடு இருந்தவரை மைதானத்துக் கிணற்றில் அவனைத் தண்ணீர் குடிக்க விடாத ஊர், செத்த பிறகு அவன் பெயரில் கோப்பை வைத்தது. முன்னேற்றம்தானே?

முதல் ஆட்டம், பெங்களூர் மில் டீமுக்கும் முனிராஜின் தம்பி மாரப்பன் சேர்த்த உள்ளூர் டீமுக்கும். அண்ணன் நின்ற இடத்தில் நின்று ஒரு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும்... மாரப்பனுக்கு அதுதான் ஆசை. அவனுடைய ஆட்கள் எல்லோரும் கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றார்கள்.

கமிட்டி செயலாளர் — அரிசி மில் முதலாளி — ஓடி வந்தார்.

"என்னாப்பா மாரா, பூட்ஸ் எங்க?"

"இல்லீங்க. அண்ணன் மாதிரியே ஆடறோமுங்க."

"அது அந்தக் காலம். இப்ப ரூல் வந்திருச்சு. பூட்ஸ் இல்லாதவன் உள்ள வரக்கூடாது."

"அப்போ அண்ணனே வந்தாலும் வெளியதானுங்களா?"

கூட்டம் சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை.

"அவன் செத்துட்டான்டா. வம்பு பண்ண மாட்டான். நீதான் பண்றே."

கேட்டுக்கொண்டிருந்த பெங்களூர் கேப்டன் குனிந்து தன் பூட்ஸ் நாடாவை அவிழ்த்தார். "ஆடலி பிடி, சுவாமி" என்றார் கன்னடத்தில் — ஆடட்டும், விடுங்கள். பிறகு தமிழில், "நாங்களும் கழட்டிடறோம்."

செயலாளர் பதறிவிட்டார். "அய்யய்யோ, பெரிய ஆபீசர் வர்றாருங்க! மொத்தப் பேரும் வெறுங்காலோட ஓடினா, இது என்னா ஊருன்னு நெனப்பாரு?"

சரியாகத்தான் நினைப்பார். அதுதானே பயம்?

ஆபீசர் வந்தார். நீளமாகப் பேசினார். "முனிராஜின் கால்கள் சேலம் ஜில்லாவின் சொத்து" என்றார். கமிட்டி கை தட்டியது. மாரப்பனின் டீம் கயிற்றுக்கு வெளியே நின்று கேட்டது. ஆட்டம் நடக்காமலே பெங்களூர் டீம் ஜெயித்ததாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

செத்தவனைக் கொண்டாடுவது நமக்குச் சுலபம். அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், இடம் கொடுக்க வேண்டாம். அவன் சாயலில் இன்னொருவன் வந்து நின்றால்தான் சங்கடம்.

கூட்டம் கலைந்ததும் மாரப்பன் போட்டோவை வாங்கிப்போக வந்தான். அண்ணன் டீம் உடையில், துணி சுற்றிய வெறுங்காலோடு நின்று எடுத்துக்கொண்ட படம். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். கண்ணாடி போட வேண்டும் என்று கமிட்டி கேட்டு வாங்கியிருந்தது. மாலையைக் கழற்றினான்.

படத்தை முழங்காலுக்கு மேலே வெட்டிக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.