பிஷப் ஜெபம் பண்ணாத மத்தியானம்

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு தேவாலயத்தாரின் விருந்தினர் விடுதியில் நான் சமையல்காரி. கும்பிடுவது மாதேஸ்வரனை, வேலை கிறிஸ்தவர்களிடம். நல்ல இடம்தான், குறை சொல்லக் கூடாது.

ஒரு வயதான வெள்ளைக்கார பிஷப் ஒரு மாதம் தங்க வந்தார். முதல் நாளே சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்து, "ரசமா? எனக்கு நெறைய ஊத்து" என்று தமிழில் கேட்டாரே, கரண்டி கை நழுவிவிட்டது! தென்னாப்பிரிக்காவில் கரும்புத் தோட்டத் தமிழர்களிடம் கற்ற தமிழாம். 'நீங்க' என்பதே அவருக்கு வராது. விடுதி வார்டனையும் 'நீ'தான், என்னையும் 'நீ'தான்.

மற்றவர்கள் அவரிடம் பெரும்பாலும் இங்கிலீஷே பேசியதால், தமிழ் பேச என்னிடம் வந்துவிடுவார். அந்த நாட்டில் வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம் என்றிருந்த காலத்தில், தன் தேவாலயத்தில் எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தாராம். அரசாங்கம் நாட்டைவிட்டே அனுப்பிவிட்டதாம்.

"பெஞ்சுல உக்கார வெச்சதுக்கா தொரத்திப்போட்டாங்க?" என்றேன். சிரித்தார்.

விருந்தாளிகள் சாப்பிட்டதும் பாத்திரத்தையும் கழுவிவிட்டு, நானும் பெருக்குகிற அக்காவும் பின்வாசலில் ஆறிப்போனதைச் சாப்பிடுவோம். அவரும் காத்திருந்து எங்களோடு தட்டை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். வார்டனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னொரு நாள் பிஷப் ஐயா இங்க உக்காந்தா, நீங்க வேற வேலை பாத்துக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டார். உட்கார்ந்தது யார், பேச்சு வாங்கியது யார்! என் சம்பளத்தில்தான் மகள் படித்துக்கொண்டிருந்தாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக பிஷப்பிடமே போனேன்.

"ஏனுங்கையா, நீங்க ஒரு மாசத்துல ஊருக்குப் போயிருவீங்க. வேல போறது எனக்குங்க. எம்புள்ள படிப்பு நின்னு போயிருமுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பு என்னோடது. ஒன்னக் கேக்காம செஞ்சிட்டேன். இப்ப கேக்கறேன். ஒனக்கு என்னா வேணும்?"

"இந்த வேல வேணுங்க. நாங்களும் மேசையில உக்காந்து சூடா ஒரு வாய் சாப்பிடோணுமுங்க. ஆனா வார்டன் கூப்பிட்டாத்தான் வருவேன்."

மறுநாள் அவர் சமர்த்தாகச் சாப்பாட்டு ஹாலில் போய் உட்கார்ந்தார். வார்டனுக்கு வாயெல்லாம் பல். பிஷப் ஜெபம் சொல்லாமல் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். அவரோ கையைக் கட்டிக்கொண்டு, "எல்லாரும் வரட்டும்" என்றார். சாம்பார் ஆறியது. தேவாலயக் கமிட்டிக்காரர் ஒருவர் தண்ணீராகக் குடித்துத் தள்ளினார்.

"இன்னும் யாரு வரணும் ஐயா?" என்றார் வார்டன்.

"சமைச்சவளும் பெருக்கினவளும். நீ போயி கூப்பிடு."

வார்டன் சமையல்கட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வாங்கம்மா" என்றார்.

"அக்காளையும் கூப்பிடுங்க" என்றேன். கூப்பிட்டார்.

என் கை ரசத்தை அன்றுதான் அந்த விடுதியில் சூடாகக் குடித்தேன். அடடா, என்ன ருசி! மாதம் முடியும்வரை அப்படியே நடந்தது.

அவரை ரயிலேற்றிவிட்ட மறுநாள், இனி அவ்வளவுதான் என்று பரிமாறிவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டேன். ஹாலிலிருந்து வார்டனின் குரல் கேட்டது.

"ஏம்மா, பேக பேக, சீக்கிரம் வாங்க! நீங்க ரெண்டு பேரும் வராம நான் எப்படி ஜெபம் பண்றது?"