வரிசை மாறிய பதினாறு சோதனைகள்

அக்கா வீட்டில் எந்தப் பாக்கெட்டும் நேராக அலமாரிக்குப் போகாது. பால், பிஸ்கட், சோப்புத்தூள் எதுவானாலும் ஒட்டிய ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பாள். "பொண்ணு பார்க்கப் போனப்போ என் சட்டைப் பையைத்தான் முதல்ல பார்த்தா, தையல் பிரிஞ்சிருக்கான்னு" என்பார் அத்தான்.

அவள் வேலை அப்படி. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கிப் போட்டு வைக்கும் பைகளைச் செய்கிற தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறாள். பையின் ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக். இரண்டையும் சூடான கட்டை ஒன்று அழுத்தி ஒட்டுகிறது. ஓரம் ஒரு மயிரிழை விட்டாலும் உள்ளே இருக்கும் கத்தி சுத்தமில்லை. பார்த்தால் தெரியாது என்பதுதான் அதில் பயங்கரம். பதினோரு வருடமாக அங்கே எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொல்லிச் சொல்லி, 'இன்னொருதடவை' என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது.

இந்த வருடம் ஒட்டும் மெஷின் ஒன்று புதிதாக வந்தது. எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எத்தனை விநாடி என்று முடிவு செய்யும் பொறுப்பு அக்காவுடையது. மூன்றையும் குறைவாக ஒரு முறை, கூடுதலாக ஒரு முறை என்று கலந்தால் எட்டு விதம் வரும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தால் பதினாறு சோதனை. எது முதலில், எது பின்னால் என்பதை மென்பொருள் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்துக் கொடுக்கும். நாள் போகப் போக மெஷினுக்குள் வேறு ஏதாவது மாறினால் அது ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடக் கூடாது. கலைப்பது அதற்காகத்தான். பதினாறு எண்களையும் உள்ளிட்டால் மென்பொருள் ஒரு சமன்பாடு தரும். அதுதான் மாடல். எந்த அமைப்பில் எவ்வளவு பலமாக ஒட்டும் என்று அது முன்கூட்டியே சொல்லும். பிறகு புதிதாகச் சில பைகள் செய்து, சொன்னது பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலித்தால் அக்கா கையெழுத்துப் போடுவாள்.

சோதனை நடக்கும்போது மெஷின் பக்கத்தை விட்டு அவள் நகர மாட்டாள். அந்த ஒரு நாள் மட்டும் நகர்ந்தாள். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அன்றைக்குத்தான் நான் திரும்பினேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு விமான நிலையத்துக்கு வந்தாள். பட்டியலை ஆபரேட்டரிடம் கொடுத்திருந்தாள். அவருக்குத் தொழிற்சாலையில் 'அவசரம்' என்று பெயர். மறுநாள் எண்கள் அனைத்தும் கட்டங்களில் அழகாக இருந்தன. தாளின் அடியில் அச்சிட்டிருந்த 'மேற்கண்ட வரிசையில், என் முன்னிலையில் நடத்தப்பட்டது' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

மாடல் பிரமாதமாக வந்தது. எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதற்கு மென்பொருள் கொடுத்த மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. எதற்குச் செல்வாக்கு அதிகம் என்று காட்டும் படத்தில் சூட்டின் கோடுதான் எல்லாவற்றையும்விட நீளம். அந்தத் தைரியத்தில் மேலாளர் சரிபார்க்கும் முன்பே அடுத்தடுத்த நாட்களில் பன்னிரண்டு பெட்டிப் பைகளைச் செய்யவைத்து ஒரு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துச் சரிபார்க்க ஐந்து பைகள் செய்தார்கள். இழுத்தால் நாலரை முதல் ஐந்தரை நியூட்டன் விசை வரை தாங்கும் என்றது மாடல். ஒன்றுகூட நாலரையை எட்டவில்லை. கடைசிப் பை மூன்று புள்ளி எட்டில் பிரிந்தது.

"மூணுக்கு மேல இருந்தா போதும்தானே? பாஸ்தான். கையெழுத்தைப் போட்டு அனுப்பு" என்றாராம் மேலாளர்.

அக்கா போடவில்லை. "மூணுக்கு மேல இருக்கு, சரி. ஆனா ஏன் எறங்குச்சுன்னு தெரியலையே. காரணம் தெரியாம எறங்குறது அடுத்த வாரம் எங்க போய் நிக்கும்?" என்று என்னிடம் கேட்டாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் போட்ட டீ மதியம் வரை ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் படத்திலும் குறையில்லை. பையை இழுத்துப் பார்க்கும் கருவி ஒவ்வொரு இழுப்புக்கும் நேரம் குறித்து வைப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எப்போதும் பக்கத்திலேயே நிற்பவளுக்கு அதைப் பார்க்க அவசியம் வந்ததில்லை. எண்களை நேரப்படி அடுக்கினாள்.

அடுக்கியதும் கையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டாள், சுட்டதுபோல.

குறைந்த சூட்டுச் சோதனைகள் எட்டும் பன்னிரண்டு மணிக்கு முன்னால். கூடுதல் சூடு எட்டும் இரண்டு மணிக்குப் பின்னால். மென்பொருள் கலைத்ததை யாரோ திரும்ப அடுக்கியிருந்தார்கள்.

ஆபரேட்டர் அவசரத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஆமா மேடம், நான்தான். சூட்டை ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கின்னு செஞ்சா ஒவ்வொரு வாட்டியும் அரை மணி நேரம் சும்மா நிக்கணும். ஒரே சூட்டுல எட்டையும் முடிச்சேன். ஆனா நம்பர எல்லாம் உங்க பேப்பர்ல அதுஅது கட்டத்துலதான் எழுதினேன். ஒரு நம்பர் பொய்யில்ல."

"நடுவுல எதையாவது மாத்துனீங்களா?"

"மதியம் சூட்டுக் கட்டைக்குக் கீழ மெத்தை மாதிரி இருக்குற ரப்பர் பட்டைய மாத்துனோம். பழசு தேஞ்சுபோச்சு. புதுசு போட்டதும் சூப்பரா ஒட்டுச்சு மேடம்."

அக்கா போனை வைத்தாள். பிறகு எனக்குச் சொன்னாள். குறைந்த சூடெல்லாம் பழைய பட்டையில். கூடுதல் சூடெல்லாம் புதுப் பட்டையில். புதுப் பட்டை கொடுத்த பலத்தை மென்பொருள் சூட்டின் கணக்கில் எழுதிவிட்டது. இப்போது அந்தப் பட்டையும் தேய்கிறது, ஒட்டும் பலம் இறங்குகிறது. அந்தப் பன்னிரண்டு பெட்டியும் அது தேயத் தேயச் செய்தவை.

கேட்டுக்கொண்டே வந்த அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப ரப்பர்தான் காரணம்னு சொல்லு. முடிஞ்சுது."

"வரிசை எப்படி மாறுச்சுன்னு கேப்பாங்க."

"அவசரம்தான் மாத்துனான்னு சொல்லு."

"நீ எங்க போனேன்னு கேப்பாங்க. தாள்ல அவர் கையெழுத்தா இருக்கு? நான் பக்கத்துல நின்னேன்னு நான்தானே போட்டிருக்கேன். பொய்க் கையெழுத்துன்னா ஒரே வார்த்தைதான், வீட்டுக்குப் போன்னு."

டாக்ஸி பிடித்து நானே வந்திருக்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். "நீ சும்மா இரு" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் கரண்டி விழுந்தாலும் மூவரும் திடுக்கிட்டோம். அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் நடந்ததைச் சாயங்காலம் சொன்னாள்.

"தொண்ணூத்தேழு வந்துச்சேம்மா?"

"மென்பொருளுக்கு ரப்பர்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது சார். சூடுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எல்லாத்தையும் அதுல போட்டுடுச்சு."

"நீ பக்கத்துலதானே நின்ன?"

"இல்ல சார்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அந்த ஒரு நிமிடத்தைத்தான் அக்கா இரண்டு தடவை சொன்னாள்.

வேலையிலிருந்து அனுப்பவில்லை. விசாரணை முடியும்வரை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றார்கள். பதினாறு சோதனையும் புதிதாக நடந்தன, ஒரே பட்டையில், கலைத்த வரிசையில். இரண்டு நாளும் அக்கா நின்றுகொண்டே இருந்தாள். சூடு இறங்கக் காத்திருந்த ஒவ்வொரு அரை மணியிலும் அவசரம் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாராம். "இன்னொருதடவைன்னு பேர் வச்சவன் வாய்க்குச் சர்க்கரை போடணும் மேடம்" என்றாராம். புது மாடலில் சூட்டின் கோடு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. தாளில் கையெழுத்து வேறொருவருடையது.

பெட்டிகளைத் திரும்பக் கேட்டார்கள். பதினொன்று பிரிக்காமல் வந்தன. பன்னிரண்டாவது பிரித்து வந்தது. பட்டை மிகத் தேய்ந்திருந்த நாளில், கடைசியாகச் செய்த பெட்டி அது. இருநூறு பைகளில் நூற்று நாற்பத்தாறு இருந்தன. அத்தனையையும் அக்கா தன் கையால் கருவியில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். மிகக் குறைந்தது மூன்று புள்ளி ஒன்று. எல்லாம் தாங்கின.

மீதி ஐம்பத்து நான்கு பைகளை யாரும் இழுத்துப் பார்க்க முடியாது. "யூஸ் பண்ணிட்டாங்கம்மா. ஏதாவது தெரிஞ்சா நாங்களே கூப்பிடுறோம்" என்று மருத்துவமனை ஸ்டோரில் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் போன் அடித்தால் அக்கா எழுந்து நின்றுகொண்டுதான் எடுக்கிறாள். நேற்று அடித்தது பால்காரர். அவர் கணக்குச் சொல்லி முடித்து வைத்த பிறகும் அவள் உட்காரவில்லை.