பத்துக் கோடுகளில் மூன்று

ஆறாம் வகுப்புக்கு முக்கோண எண்களை நடத்த எனக்குப் புளியங்கொட்டை போதும். மேலே ஒன்று வை, அதன் கீழே இரண்டு, அதற்கும் கீழே மூன்று, பிறகு நான்கு. கூட்டிக்கொண்டே வந்தால் ஒன்று, மூன்று, ஆறு, பத்து. "இதனால என்ன பிரயோசனம் டீச்சர்?" என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், "பரீட்சைக்கு வரும்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

அது எனக்கே பிரயோசனப்பட்டது என் மகளின் காதுகுத்துக்குத்தான். பழனிக்கு வேன் பேசியாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். எனக்கு இரண்டு அண்ணன்கள், ஓர் அக்கா, ஒரு தம்பி. மூத்தவர் இருக்கும்போது அந்த மடி அவருடையது. அவரோடு நான் பேசி மூன்று வருடமாகிறது.

காரணம் பெரியதுதான். குஜிலியம்பாறையில் அவர் வீடு கட்டிக் குடிபோனபோது, பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட். போடவில்லை. அப்போது மகள் என் வயிற்றில் இருந்தாள். "இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?" என்று கேட்டாள் அக்கா, அவளோடும் பேச்சை நிறுத்தினேன். சின்னண்ணன் சிரித்தார். சிரித்தவரோடு என்ன பேச்சு வேண்டியிருக்கிறது? தம்பி வாயைத் திறக்காததால் தப்பித்தான். ஆசிரியர் அறையில் மட்டும் பெருமூச்சோடு சொல்வேன்: "எங்க வீட்டுல யாரும் யாரோடயும் பேசுறதில்ல டீச்சர். குடும்பமே சிதறிப்போச்சு."

பேசாதவர்களை வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிடக் கூடாதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளை எடுத்தேன். என்னோடு சேர்த்து ஐந்து பேருக்கு ஐந்து புள்ளி. ஒவ்வொரு இருவருக்கும் இடையே ஒரு கோடு. பெரியண்ணன் பிறந்தபோது கோடே இல்லை. சின்னண்ணன் வந்ததும் ஒன்று. அக்கா வந்து இரண்டைச் சேர்த்தாள், நான் மூன்று, தம்பி நான்கு. ஆகப் பத்து. புளியங்கொட்டைக் கணக்கேதான்! ஒரு பிள்ளை கூடினால் அதற்கு மூத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை சண்டைக்கு வழி பிறக்கிறது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். என் கோடுகளில் தம்பிக்குப் போவதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சிவப்புப் பேனாவால் அடித்தேன். மற்றவர்களுடையதைக் கேட்டு அடிக்கத் தம்பிக்குப் போன் போட்டேன்.

"பெரியண்ணனுக்கும் அக்காவுக்கும் பேச்சு இல்லதானே?"

"யாரு சொன்னா? போன வாரங்கூடப் பெரியக்கா வீட்டுலதான் எல்லாருக்கும் கறிச்சோறு."

"சின்னண்ணன்?"

"அவரும் வந்திருந்தாரு."

"நீ?"

"நான் போகாமயா? எலும்பக்கூட மிச்சம் வைக்கலக்கா."

போனை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தேன். பத்தில் ஏழு கோடுகள் நன்றாகவே இருந்தன. சிவப்பாக இருந்த மூன்றும் ஒரே புள்ளியில் போய் முட்டின. விடையைச் சரிபார் என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். நானும் இரண்டு முறை சரிபார்த்தேன். சிதறிப்போன குடும்பத்தில் சிதறியவள் நான் ஒருத்திதான். வெட்கமாக இருந்தது. என்னை விட்டுவிட்டுக் கறிச்சோறு தின்றிருக்கிறார்களே என்று கோபமும் வந்தது. அந்தக் கோபம் ஆறிவிட்டால் துணிச்சலும் போய்விடும் என்று பயந்து, உடனே பெரியண்ணனை அழைத்தேன்.

"சொல்லுத்தா," என்றார், நேற்றுத்தான் பேசி வைத்தவர் போல.

"பாப்பாவுக்குக் காது குத்தணும்ணே. உங்க மடியிலதான்..."



"தோடு அவ பொறந்த மாசமே எடுத்துட்டேன். இம்புட்டு நாளு பீரோவுலதான் கெடந்துச்சு. பிள்ள வளந்திருக்குமே, சின்னதாப் போயிருக்குமோன்னு ஓம் மதினி போன வாரம் எல்லார்கிட்டயும் காட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தா."

எல்லாரும் பார்த்திருந்தார்கள், என்னைத் தவிர.