கோட்டுக்கு வெளியே ஒரு கால்

திருமுக்கூடலில் கபடி இறுதி ஆட்டம். எங்கள் மாகறல் அணிக்காகக் கத்தப் போன எனக்குக் கோட்டோரம் ஒரு திருமுக்கூடல் பெண்ணின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. வாட்டசாட்டமான உடம்பு, கட்டிப்போன தொண்டை, மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. திருமுக்கூடல் புள்ளி எடுத்தால் கரண்டியால் தட்டைப் பிளந்துவிடுவார். எங்கள் ஆள் அழகாக மடக்கிப் பிடித்தாலும் பாராட்டாகத் தட்டில் இரண்டு அடி விழும்.

இரு அணியும் சமம். கடைசியாகப் பாடிப் போனவர் அந்தப் பெண்ணின் கணவர். எங்கள் ஆளைத் தொட்டுவிட்டுக் கோட்டோரமாகவே ஓடித் திரும்பினார். நடுவர் விசிலடித்துப் புள்ளி கொடுத்தார். திருமுக்கூடலே எழுந்து குதித்தது.

என் பக்கத்திலிருந்த அந்தப் பெண் மட்டும் தட்டை உயர்த்திக் கத்தினார்: "செல்லாது சார்! காலு கோட்டுக்கு வெளிய பூட்ச்சு! தோ பாரு, அடி அப்டியே கீது!"

நடுவர் ஓடி வந்து குனிந்தார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஈர மண்ணில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அவர் அவுட், புள்ளி எங்களுக்கு என்றார் நடுவர்; கோப்பையும் எங்களுக்கே வந்தது.

"இன்னாம்மா, சொந்த வூட்டுக்காரரையே காட்டிக் குடுத்துட்டீங்க?" என்றேன்.

"வூட்டுல ஏமாத்தினா நான் பாத்துக்குவேண்ணா. ஊரே பாத்துக்கினு இருக்கசொல்லோ வுட முடியுமா?"

கணவர் கோபத்தோடு வருவார் என்று பயந்தேன். அவர் தன் காலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே போய் எங்கள் கேப்டனைக் கட்டிப்பிடித்தார்.

என்னை அறியாமல் நான் திருமுக்கூடலுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் திட்டுவார்களோ என்று திரும்பிப் பார்த்தால், அவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.