ஆள் குறைவான கப்பல்

ஐயாக்கண்ணுவிடம் எந்த வண்டியைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஆளு எத்தன ஏறலாம்?" புது பைக்கானாலும் சரி, எஸ்டேட் முதலாளி வாங்கிய காரானாலும் சரி, விலை கேட்க மாட்டார், மைலேஜ் கேட்க மாட்டார். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் ஷேர் ஜீப் ஓட்டிய மனுஷனுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

அந்த ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் போகிற வண்டியில் இருபது பேர் போவார்கள். பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் தனிக்கணக்கு. முன் சீட்டில் ஆட்களை நெருக்கி உட்கார வைத்துவிட்டு, மிச்சமான ஓரத்தில் டிரைவர் ஒற்றைத் தொடையை வைத்துக்கொண்டு, பாதி உடம்பு வெளியே இருக்க ஓட்டுவார். மலையில் இதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை. ஆளை விட்டுவிட்டுப் போகிற டிரைவருக்குத்தான் வசவு விழும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மழையில் நிற்கிறவர்களிடம் இடமில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து திரும்பிய ஒரு சாயங்காலம், மஞ்சக்குட்டைக்குக் கொஞ்சம் முன்னால், ஈர ரோட்டில் பிரேக் பிடிக்காமல் ஜீப் சரிவில் இறங்கியது. மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி அதே ஊர்க் கண்ணாயியின் மகள் தீபிகா, ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பெண். கிளம்பின வண்டியை நோக்கி ஓடிவந்தவளை, "ஏறு கண்ணு, எடமிருக்குது" என்று நிறுத்தி ஏற்றிக்கொண்டவர் ஐயாக்கண்ணுதான். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை.

ஜீப் உருண்டபோது அவர் ரோட்டில் கிடந்தார். குதித்தாரா, விழுந்தாரா? குதித்துத் தப்பிவிட்டான் என்றது ஊர். விழுந்ததாகச் சொல்லச் சொன்னார் வக்கீல், கோர்ட்டில் ஐயாக்கண்ணுவும் அப்படியே சொன்னார். பாவம், அவருக்கே தெரியாது. எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தார். ஸ்டியரிங் கையில் இருந்தது, பிறகு ரோடு முதுகில் இருந்தது. நடுவில் இருந்ததை மட்டும் காணோம்.

லைசென்ஸ் போனது. மறுபடி கேட்டுப் போகவும் இல்லை. மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மோட்டார் போட்டு, காபிச் செடிக்குத் தண்ணீர் விடுகிற வேலைக்குச் சேர்ந்தார். அதே எஸ்டேட்டில்தான் கண்ணாயியும் களை வெட்டினாள். ஒரு காலத்தில் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டவள், அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே அவர் வந்தால் செடிகளுக்குள் இறங்கி வேறு பக்கமாகப் போய்விடுவாள்.

அந்த எஸ்டேட்டின் பெரிய குட்டைக்குத்தான், பல வருஷம் கழித்து, கப்பல்காரர்கள் வந்தார்கள். சேலம், பெங்களூர்ப் பக்கத்து ஆட்கள். தொப்பையும் நரையும் விழுந்த ஆண்பிள்ளைகள், பழைய உலகப்போர்க் கப்பல்களைத் தோளில் தூக்குகிற அளவில் பொம்மையாகச் செய்து எடுத்துவந்து, கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டி, ஒருத்தன் கப்பலை ஒருத்தன் சுட்டு மூழ்கடிப்பார்கள். நிஜமாகவே சுடும். கப்பலுக்குள் இருக்கிற கேஸ், மிளகு அளவு இரும்புக் குண்டுகளைத் துப்பும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தகடு ஓட்டையாகும், தண்ணீர் ஏறும், உள்ளே ஒரு குட்டிப் பம்ப் அதை வெளியே தள்ளும். பம்ப் தோற்றால் கப்பல் அடியில் போய்விடும். பிறகு கொக்கி போட்டு எடுத்து, ஓட்டையை அடைத்து, சாப்பிட்டுவிட்டு மறுபடி சண்டை. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று எஸ்டேட் முழுக்கச் சிரித்தது.

ஒரு நாள் விஜயகுமாரின் பம்ப் நின்றுவிட்டது. சேலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர் அவர், இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. ஐயாக்கண்ணு வாங்கிப் பார்த்து, சிக்கியிருந்த பாசியை எடுத்துக் கொடுத்தார். ரிமோட்டை அவர் பார்த்த பார்வையில் விஜயகுமாருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. "அடுத்த தடவை எங்களுக்கு ஓராளு குறையுதுங்க. நீங்க ஓட்டுறீங்களா? என்கிட்டப் பழைய கப்பல் ரெண்டு கெடக்குது. புடிச்சத எடுத்துக்கங்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் ஐயாக்கண்ணு ஒரு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இந்தக் கையை நம்பி ஒரு வண்டியை விடலாமா, இது ஒன்றைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பொம்மையாக இருந்தால் என்ன, வண்டி வண்டிதானே.

கார் டிக்கியில் இரண்டும் கிடந்தன. ஒன்று அகலமான பெரிய போர்க்கப்பல். இன்னொன்று டெஸ்ட்ராயர் என்கிற சின்ன ரகப் போர்க்கப்பல், புடலங்காய் மாதிரி ஒல்லியாக நீளமாக.

"மொதக் கப்பலுக்குப் பெருசுதானுங்க சரி" என்றார் விஜயகுமார். "மெதுவாப் போகும், ஆடாது. பெரிய பம்ப் வெச்சிருக்குது, பத்து ஓட்டை உழுந்தாலும் தாங்கும். சின்னது சிட்டாப் பறக்கும், ஆனா பம்ப்புக்கு எடமே இல்ல. ரெண்டு குண்டு பட்டா முடிஞ்சுது. பழகுன ஆளுங்களே அதத் தொடமாட்டாங்க."

ஐயாக்கண்ணு தலையாட்டினார். பிறகு கேட்டார், "ஏனுங்க, நெசக் கப்பல்ல ஆளு எத்தன?"

விஜயகுமார் சிரித்தார். "பெருசுல ஆயிரத்தைநூறு இருக்கும். சின்னதுல நூத்தைம்பது."

"அப்ப சின்னதே போதுமுங்க."

"சொல்றதக் கேளுங்க. நொம்பக் கஷ்டமுங்க அது."

"நூத்தைம்பதே அதிகமுங்க" என்று சொல்லிவிட்டு அந்த ஒல்லிக் கப்பலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். தாங்குகிற வண்டியை விட்டுவிட்டுத் தாங்காத வண்டியை எடுத்தார் என்று நாம் சொல்லலாம். ஆளை மட்டும் எண்ணிப் பழகிய மனுஷன், பம்ப்பை எங்கே எண்ணப் போகிறார்?

வேலை முடிந்து தினமும் குட்டையில் ஓட்டிப் பழகினார். கை மறக்கவில்லை. மலை வளைவில் ஸ்டியரிங் ஒடிக்கிற மாதிரியே பார்த்துப் பார்த்துத் திருப்பினார். அவர் மனைவி பாப்பாத்தி குடத்தோடு வந்து நின்று பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு புருஷன் முகத்தில் சிரிப்பைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சண்டை நாளன்று சாப்பாட்டு நேரத்துக்கு எஸ்டேட் ஆட்கள் எல்லாம் குட்டைக் கரையில் தூக்குப்போசியோடு உட்கார்ந்துவிட்டார்கள், சும்மா வருகிற வேடிக்கையை யார் விடுவார்கள். கண்ணாயியும் இருந்தாள். ஓட்டுகிறவர்கள் கண்ணில் குண்டு படாமலிருக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு விதிதான் கண்டிப்பு, விசில் ஊதித் துப்பாக்கியெல்லாம் நிற்கிற வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

ஐயாக்கண்ணு ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஓடினார், வளைந்தார், இரண்டு பெரிய கப்பலுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தார். கரையில் கைதட்டினார்கள். பிறகு விஜயகுமாரின் கப்பல் பக்கவாட்டில் வந்து படபடவென்று சுட்டது. ஒல்லிக் கப்பலின் பம்ப் நூல் மாதிரித் தண்ணீரைத் துப்பியது, விட்டு விட்டுத் துப்பியது, நின்றது. பின்பக்கம் அமிழ்ந்தது. ஐயாக்கண்ணு ரிமோட்டின் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் கப்பல் கேட்கவில்லை.

ரிமோட் புல்லில் கிடந்தது. அவர் தண்ணீரில் இருந்தார்.

"ஏனுங்க, எறங்காதீங்க! நிறுத்துங்கடா!" என்று விஜயகுமார் கத்தினார். விசில் ஊதினார்கள். அதற்குள் கழுத்திலும் முதுகிலும் குண்டுகள் தைத்துவிட்டன. ஐயாக்கண்ணு நிற்கவில்லை. நெஞ்சளவு தண்ணீரில், சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி, கப்பலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்.

அப்போதுதான் அவருக்குக் காலில் அது தெரிந்தது. கரையிலிருந்து எப்படி இறங்கினோம்? யோசித்து இறங்கவில்லை. நினைப்பு வருவதற்கு முன்னாலேயே வலது கால் தரையை உந்திவிட்டது. அதே கால் இன்னொரு நாளும் இப்படி உந்தியிருந்தது. ஜீப்பின் படித்தகடு ஈரமாக இருந்தது. பிரேக்கை விட்டு எடுத்த கால் அதை ஓங்கி மிதித்தது. விழுகிறவன் காலால் உந்த மாட்டான்.

கழுத்தில் ரத்தம் வழிய அவர் கரையேறினார். ஆட்கள் விலகி நின்றார்கள். கண்ணாயி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். அவர் கையிலிருந்த கப்பலைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பொம்மைக்கு எறங்கத் தெரியுதுங்களே" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கப்பலின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஐயாக்கண்ணுவின் காலில் கொட்டியது.

"கண்ணாயி, நான் அன்னைக்கு உழுவல" என்றார். "குதிச்சுப்போட்டேன்."

கண்ணாயி தூக்குப்போசியை மூடினாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டுச் செடிகளுக்குள் இறங்கிப் போனாள்.